விருப்ப ஓய்வு: மலைக்கிராமத்து அமைதி யாருடையது?

'அமைதியான மலைக்கிராமம்' என்கிற சரக்கு இன்றைக்கு நன்றாக விலைபோகிறது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கூட்டம் தாங்காமல், 2024 மே 7 முதல் இ-பாஸ் வாங்கிக்கொண்டுதான் ஏற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவு போட வேண்டியிருந்தது. கூட்டம் பிடிக்காத கனவான்கள் இன்னும் உள்ளே தள்ளிப் போகிறார்கள். பெரிய ஓட்டல் வேண்டாம்; நாலு ஓட்டு வீடு, ஒரு டீக்கடை, பனிமூட்டம், செல்போன் டவர் எட்டாத ஒரு மூலை, அது போதும். இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பார்களாம். நிதானமாக நடப்பார்களாம். திரும்பி வந்து, 'அந்த ஜனங்களுக்கு எந்த அவசரமும் இல்லைங்க, என்ன நிம்மதியான வாழ்க்கை!' என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்களாம்.

ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பது மனுசனுக்கு வேண்டியதுதான். உடம்பால் உழைக்கிறவனுக்கு இன்னும் அதிகமாகவே வேண்டும். அதில் நமக்குச் சண்டை இல்லை. நாம் கேட்பது வேறு: அந்த ஊர் ஏன் அமைதியாக இருக்கிறது? யார் வாயை மூடியதால் இருக்கிறது?

நமக்கு இந்த 'அமைதி' என்கிற சொல் ரொம்பப் பழக்கம். கோயில் தேர் எங்கள் தெருவுக்கும் வரட்டும் என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடையில் எல்லாருக்கும் ஒரே டம்ளர் கொடு என்று கேட்டுப் பாருங்கள். மறுநாளே தாசில்தார் ஆபீசில் 'அமைதிப் பேச்சுவார்த்தை' வைப்பார்கள். அடித்தவனையும் அடிபட்டவனையும் எதிரெதிரே உட்கார வைத்து, 'பொது அமைதிக்குப் பங்கம்' வராமல் பார்த்துக்கொள்வதாக அடிபட்டவனிடம் கையெழுத்து வாங்குவார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 தொடங்கிப் பத்தாண்டுக் காலம் தனித்தொகுதித் தேர்தலை நடத்தவிடாமல் செய்தபோதும் அங்கே ஒரு அமைதி இருந்தது. மேலவளவில் அந்த அமைதியை மீறித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்த முருகேசனையும் உடன் வந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டிச் சாய்த்தார்கள். ஆக, தமிழ்நாட்டில் ஒரு கிராமம் சத்தமில்லாமல் இருக்கிறது என்றால், அங்கே சேரி வாய்திறக்கவில்லை என்று ஒரு பொருள் உண்டு. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் நின்றுகொண்டு, கிராமம் என்பது குறுகிய புத்தியும் அறியாமையும் சாதி வெறியும் தேங்கிய குட்டை என்ற பொருளில் அம்பேத்கர் பேசினாரே, அந்தப் பேச்சை ரசிக்காத கிராமப் பித்தர்கள்தான் இன்று வாடகைக் கார் எடுத்துக்கொண்டு மலையேறுகிறார்கள்.

'ஹோம் ஸ்டே' என்று ஒன்று. வீட்டில் தங்குவது, வீட்டுச் சாப்பாடு சாப்பிடுவது. யார் வீட்டில்? பட்டா உள்ளவன் வீட்டில். கூடுதலாய் ஒரு அறை கட்ட வசதி உள்ளவன் வீட்டில். மலையிலும் சமவெளியிலும் காலனி வீடு என்று அரசு கட்டிக் கொடுத்த ஒற்றை அறையில் தாத்தா, பாட்டி, மகன், மருமகள், பிள்ளைகள் என்று ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்துப் படுத்திருக்கும்போது விருந்தாளியை எங்கே படுக்க வைப்பது? சரி, வைத்தே விட்டார்கள் என்று வையுங்கள். கிராமிய மணம் தேடி வந்த அந்த நகரத்து சாதி இந்து, காலனிக்குள் வந்து எங்கள் அம்மா ஆக்கிய மாட்டுக்கறிக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, 'அசல் கிராமத்துச் சுவை' என்று எழுதுவாரா? எழுதட்டும், அன்றைக்குப் பேசுவோம். அவருடைய கிராமத்தில் ஊர் உண்டு, சேரி கிடையாது. விடிவதற்குள் அவர் அறையையும் கக்கூசையும் கழுவிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போன பெண் எந்தத் தெருக்காரி என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அமைதி கெட்டுவிடும்.

இன்னொரு ரசனையும் பார்த்தோம். கொடைக்கானல் சரிவில் வெள்ளகவி என்று ஒரு ஊர். நெடுங்காலம் மோட்டார் ரோடு கிடையாது. நடந்துதான் இறங்க வேண்டும், நோயாளியை டோலி கட்டித்தான் தூக்கிவர வேண்டும். இந்த ரோடு இல்லாமை இருக்கிறதே, அதுதான் மலையேற்றக்காரர்களுக்கு அந்த ஊரின் அழகு. ரோடு வந்தால் கெட்டுப்போகுமாம். பிரசவ வலி எடுத்தவளைப் பலகையில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு நிதானம் என்ற சொல்லின் அருமை எப்படித் தெரியும்? அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, ஊரெல்லாம் கோயில் என்பதால். வந்தவர்கள் சிலிர்த்துப்போய்க் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே அது எல்லாருக்குமான வழக்கம், இருக்கட்டும். ஆனால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடப்பது புனிதமான அனுபவம் என்று நம்மிடம் யாராவது சொன்னால், ஊர்த்தெரு வரும்போதெல்லாம் செருப்பைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்ட நம் தாத்தனுக்கு என்ன பதில் சொல்வது?

இனி மாஞ்சோலைக்கு வருவோம். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

நெல்லை மாவட்டம், மணிமுத்தாறு அணையைத் தாண்டி வளைந்து வளைந்து ஏறினால் மாஞ்சோலை. அதற்கு மேலே காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டிலேயே அதிக மழை எங்கே என்று வானொலிச் செய்தியில் கேட்டால், பல நாள் ஊத்து அல்லது நாலுமுக்கு என்றுதான் வரும். மலைக்கிராம ரசிகர்களின் பட்டியலில் இந்த ஊர்கள் நெடுநாளாக உண்டு. வனத்துறையிடம் சீட்டு வாங்கிக்கொண்டு குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகள் மட்டும் ஏறலாம். குதிரைவெட்டியில் வனத்துறை விடுதியில் தங்கலாம். காக்காச்சியில் துரைமார் பந்தடித்த கோல்ஃப் புல்வெளியில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். எந்தப் படத்திலும் லயன் வீடு வராது. தப்பித் தவறி வந்தாலும், பச்சைக்கு நடுவே சிவப்பு ஓட்டு வரிசை என்று அழகுக்காக வரும்.

அந்தப் பச்சை எப்படி வந்தது? சிங்கம்பட்டி ஜமீன் 1929 பிப்ரவரியில் சுமார் 8,374 ஏக்கர் மலைக்காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்கு பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்குக் கொடுத்தது. இந்தக் கம்பெனி சாதாரணக் கம்பெனி இல்லை. 1863இல் தொடங்கி, பர்மாவில் தேக்கு வெட்டி விற்றது. வெட்டிய மரத்துக்குக் கணக்கைக் குறைத்துக் காட்டியது என்று பர்மிய அரசு 1885இல் அபராதம் போட, அதையே சாக்காக வைத்து வெள்ளைக்காரன் படையெடுத்து மாண்டலேயைப் பிடித்து, ராஜாவையும் நாடு கடத்தினான். ஒரு நாட்டையே விழுங்கக் காரணமாக இருந்த கம்பெனிக்குச் சிங்கம்பட்டிக் காடு எம்மாத்திரம்? காட்டை அழித்தது கம்பெனி. ஆனால் கோடாலி பிடித்தவன் யார்? அட்டைக்கடியிலும் காய்ச்சலிலும் செத்தவன் யார்? கீழே நெல்லைச் சீமையில் பண்ணையடிமையாகக் கிடந்த நம் சனம். பெரும்பாலும் தேவேந்திரர்களும் பறையர்களும், கூடவே கிறித்தவம் தழுவிய நம்மவர்களும். கங்காணி முன்பணம் கொடுத்து அழைத்துப் போனான். ஊரில் அடிமையாகக் கிடப்பதைவிட மலையில் கூலியாய்ச் சாவது மேல் என்று போனார்கள். அந்த முடிவில் ஒரு விடுதலை வேட்கை இருந்தது, அதை நாம் குறைத்துப் பேசக்கூடாது. ஆண்டையின் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பதே ஒருவனுக்குக் குளிர் மலையைச் சொர்க்கமாகக் காட்டும்.

தோட்டத்து வேலை எப்படி என்பதை பி.எச். டேனியல் எழுதிவைத்திருக்கிறார். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர், தொழிற்சங்கம் கட்டியவர். அவருடைய நாவல் 1969இல் ஆங்கிலத்தில் வந்து, இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று 2007இல்தான் தமிழுக்கு வந்து சேர்ந்தது. தமிழனுடைய சாவைத் தமிழில் படிக்க முப்பத்தெட்டு வருசம்! அது வால்பாறைக் கதை, மாஞ்சோலைக் கதையல்ல. ஆனால் கங்காணியும் துரையும் மஸ்டரும் எல்லா மலைக்கும் பொது. விடியற்காலை சங்கு. மழை என்றாலும் பனி என்றாலும் இடுப்பில் சாக்கும் பிளாஸ்டிக் தாளும் கட்டிக்கொண்டு பெண்கள் நிரையில் நிற்க வேண்டும். இரண்டு இலை ஒரு மொட்டு. அட்டைக்குச் சுண்ணாம்பும் புகையிலையும். எடை போடுகிற இடத்தில் சாக்கு எடை, ஈர எடை என்று கழிவு. விருந்தாளி கையில் ஆவி பறக்க நிற்கும் அந்தக் கோப்பைக்கு முன்னால் இவ்வளவும் நடந்திருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று வீடு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டப்படி கம்பெனி வீடு கொடுக்க வேண்டியிருந்தது, ஆஸ்பத்திரி கட்ட வேண்டியிருந்தது, பிள்ளைக் காப்பகம் வைக்க வேண்டியிருந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் வீடு வேலைக்குக் கட்டுப்பட்டது. வேலை முடிந்த அன்று வீடும் முடிந்தது. நாற்பது வருசம் கொழுந்து கிள்ளியவள் ஓய்வு பெற்றால், அவள் மகளோ மருமகளோ அதே நிரையில் பெயர் கொடுத்தால்தான் அந்த லயத்தில் அடுப்பு எரியும். பிள்ளை படித்துக் கீழே போய்விட்டால் தாய்க்குக் கூரை இல்லை. இப்படி, வாசலில் காவல் வைக்காமலே தலைமுறை தலைமுறையாய் ஆளைக் கட்டிப்போட முடிந்தது. கீழே பண்ணையார் களத்துமேட்டில் குடிசை போட இடம் கொடுத்து ஆளைப் பிடித்து வைத்த அதே தந்திரம்தான், சட்டப்புத்தகத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. இதில் அந்த வீட்டுக்கு நாலு ஆணி அடித்தாலும் கம்பெனிச் சொத்துக்குச் சேதம்.

1952இல் ஜமீன் ஒழிப்பில் நிலம் அரசுக்கு வந்தது. அப்போதாவது உழைத்தவன் கேட்கப்பட்டானா? குத்தகை அப்படியே தொடர்ந்தது. ஜமீன் கையெழுத்துப் போட்ட தாளுக்கு இருந்த மரியாதை, காட்டைத் திருத்தியவனின் கைக்கு இல்லை.

பிறகு 1998-99. மாஞ்சோலை அமைதியாக இல்லாத காலம். நாள் கூலி 150 ரூபாய் வேண்டும் என்று மலை பேசியது. மறியல் செய்த அறுநூறுக்கும் மேற்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள், பெண்களும் குழந்தைகளும் உள்பட. அவர்களை விடுதலை செய், கூலியைக் கொடு என்று 1999 ஜூலை 23 அன்று புதிய தமிழகம் டாக்டர் கிருஷ்ணசாமியும் பிற கட்சித் தலைவர்களும் முன்னால் வர, நெல்லைக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம் வந்தது. போலீஸ் அடித்தது. ஒரு பக்கம் தடி, மறுபக்கம் தாமிரபரணி. ஆற்றில் இறங்கியவர்களையும் விடவில்லை. 17 பேர் பிணமானார்கள். அதில் ஒன்றரை வயதுப் பிள்ளையும் ஒன்று. ஆட்சி கலைஞருடையது, சமூகநீதி பேசிய ஆட்சி. நீதிபதி மோகன் கமிஷன் வந்தது, போயிற்று. போலீசுக்குப் பெரிய கேடு எதுவும் வரவில்லை. அன்று ஆற்றில் மிதந்த செருப்புகளையும் கொடிகளையும் ஆர்.ஆர். சீனிவாசனின் 'ஒரு நதியின் மரணம்' ஆவணப்படத்தின் வழியாகத் தமிழ்நாடு பார்த்தது. பார்த்துவிட்டு மறந்தது.

ஆக, மாஞ்சோலை ஒரு நாள் சத்தம் போட்டது. அதற்குப் பதினேழு உயிர் விலை. மறுபடி அமைதி திரும்பியது. அந்த அமைதியைத்தான் அய்யா, நீங்கள் வண்டி எடுத்துக்கொண்டு போய் நுகர்ந்தீர்கள்.

அடுத்த கட்டம் 2018. அந்த மலையை ஒதுக்குக் காடாக அறிவித்தார்கள். களக்காடு-முண்டந்துறை ஏற்கெனவே, 1988 முதல், புலிகள் காப்பகம். 2028 பிப்ரவரியில் குத்தகை முடியும். அதுவரையிலும்கூடக் காத்திருக்கவில்லை கம்பெனி. 2024இல், இனி தோட்டம் நடத்துவதில்லை என்று சொல்லி, ஜூன் நடுவோடு வேலையை நிறுத்தியது. தொழிலாளிகளிடம் ஒரு தாளை நீட்டியது. அந்தத் தாளின் பெயரைக் கவனியுங்கள்: 'விருப்ப ஓய்வு'.

மலைக்கு ஓய்வு எடுக்க வருகிறவனுக்கும் விருப்பம் உண்டு, ஓய்வு உண்டு. மலையில் பிறந்து, மலையில் கிள்ளி, மலையில் பிள்ளை பெற்றவளுக்கும் விருப்ப ஓய்வுதான் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடு, பணத்தை வாங்கு, நாள் குறித்திருக்கிறது, வீட்டைக் காலி செய். சுமார் 700 குடும்பங்கள். நாலு தலைமுறை. கீழே அவர்களுக்கு ஊர் இல்லை; எந்த ஊரை விட்டு ஓடினார்களோ அந்த ஊரின் சேரியில்கூட அவர்களுக்கு ஒரு அடி இடம் இல்லை. வழக்குப் போட்டார்கள். காலி செய்வதற்கு இடைக்காலத் தடை கிடைத்தது. டான்டீ இந்தத் தோட்டத்தை எடுத்து நடத்தட்டும் என்று கேட்டார்கள். 2024 டிசம்பரில் மதுரைக் கிளை அதை ஏற்கவில்லை; மறுவாழ்வுத் திட்டத்தை அரசு நிறைவேற்ற வேண்டும் என்றது. வீடு, கடன், தொழிற்பயிற்சி என்று திட்டம் வந்தது. திட்டத்தில் நிலம் என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

டான்டீ கேட்டது ஒன்றும் பைத்தியக்காரக் கோரிக்கை அல்ல. இலங்கை 1948இல் நம் மலையக மக்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து அவர்களைச் சந்தைச் சரக்கு போல இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று பங்குபோட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவின் பங்கு. அப்படி வந்து இறங்கியவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டமே தொடங்கியது. அரசு நினைத்தால் தேயிலை நட்டு மக்களை வாழவைக்கலாம் என்பதற்கு அரசே சாட்சி. அதே அரசு 2022இல் டான்டீயின் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தை வனத்துறையிடம் ஒப்படைக்கவும் உத்தரவு போட்டது. வந்தவன், இருந்தவன் எல்லாரும் ஒரே பாதையில் இறக்கப்படுகிறார்கள். மேலே ஏறுவதற்கு மட்டும் வேறு ஆட்கள் வருகிறார்கள்.

'அப்படியானால் உங்களுக்குப் புலி வேண்டாமா, காடு வேண்டாமா?' என்று சூழலியல் நண்பர்கள் சினப்பார்கள். வேண்டும். தாமிரபரணி இந்த மலையில்தான் உருவாகிறது. அந்தத் தண்ணீரில்தான் கீழே நம் மக்கள் நாற்று நடுகிறார்கள். காட்டை மீட்டெடுப்பதற்கு நாம் எதிரி இல்லை. ஆனால் காட்டைக் குத்தகைக்கு விட்ட ஜமீனுக்கு என்ன தண்டனை? அழித்து லாபம் தின்ற கம்பெனிக்கு என்ன தண்டனை? குத்தகையைத் தொடரவிட்ட அரசுக்கு? மூன்று பேருக்கும் ஒன்றும் இல்லை. கூலிக்கு வெட்டியவனுக்கு மட்டும் வெளியேற்றம். இதற்குப் பெயர் சூழலியல் என்றால், மனு எழுதியதும் சூழலியல்தான். மேலும், தேயிலையைக் காடாக மாற்ற வேண்டும் என்றால் அந்த வேலைக்கு இந்த மண்ணை அங்குலம் அங்குலமாய் அறிந்த மாஞ்சோலைக்காரனைவிடப் பொருத்தமானவன் யார்? அவனை அனுப்பிவிட்டு, காலையில் வந்து மாலையில் இறங்குகிற ஒப்பந்தக் கூலியை வைத்துக் கன்று நடப்போகிறீர்களா?

அதே புலிகள் காப்பகத்துக்குள்தான் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசைக்கு இலட்சக்கணக்கில் கூட்டம் ஏறும். புலிக்குத் தொந்தரவில்லை போலும். ஜமீன் ஒழிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், சிங்கம்பட்டிக் கடைசி ஜமீன்தார் 2020இல் இறக்கும் காலம்வரை அந்த விழாவில் ராஜ உடை அணிந்து காட்சி தந்துவந்தார். பத்திரிகைகள் படம் போட்டு மகிழ்ந்தன. காட்டை விற்றவனுக்குக் காட்டுக்குள் கொலுமண்டபம். அந்தக் கோயிலிலேயே பட்டவராயன் இருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும். முத்துப்பட்டன் என்ற பார்ப்பன இளைஞன் சக்கிலியர் குலத்து பொம்மக்கா, திம்மக்காவை மணந்து, பூணூலை அறுத்து, செருப்புத் தைத்து, மாடு காத்துச் செத்த கதை. இன்றைக்கும் அவருக்குக் காணிக்கை செருப்புதான். இதைப் பொறுக்காமல், அந்தப் பெண்கள் உண்மையில் பார்ப்பனக் குழந்தைகள், காட்டில் கிடந்தார்கள் என்று பிற்காலத்தில் கதையையே மாற்றிப் பாடினார்கள். நா. வானமாமலை இதை எடுத்துக் காட்டியிருக்கிறார். கதையில்கூட நம் பெண்ணுக்கு அந்த மலையில் இடம் கொடுக்க மனசு வராதவர்கள், நிலத்தில் கொடுப்பார்களா?

மாஞ்சோலை மட்டுமல்ல. மூணாறு போகாத தமிழ் நடுத்தர வர்க்கம் உண்டா? 2020 ஆகஸ்ட் 6 இரவு ராஜமலைப் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களோடு 70 பேரை விழுங்கியது. பலரும் கயத்தாறு, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து போன நம் சனங்களின் பேரப்பிள்ளைகள். மறுநாள் கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவருக்குப் பத்து இலட்சம், லயத்தில் இறந்தவருக்கு அய்ந்து இலட்சம் என்று அறிவித்தது இடதுசாரி அரசு. சாவிலும் முதல் வகுப்பு, மூன்றாம் வகுப்பு. அதற்கு அய்ந்து வருசம் முன்பு, 2015 செப்டம்பரில், அதே மூணாற்றில் 'பெம்பிளை ஒருமை' என்று பெண்கள் திரண்டு, தலைமை தாங்க வந்த சங்கத் தலைவர்களையே விரட்டிவிட்டு, ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்து போனசை வாங்கினார்கள். சுற்றுலா ஊர் அத்தனை நாளும் முடங்கியது. மலைகள் பேசினால் எப்படி இருக்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி. 2024 ஜூலை 30 வயநாட்டிலும் புதைந்தவற்றில் தோட்ட லயங்கள் உண்டு. இலங்கையில் நுவரெலியாவுக்கும் எல்லவுக்கும் போய்வந்தவர்கள் துரை பங்களாவில் தங்கியதைச் சொல்வார்கள்; பங்களாவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் லயத்தைச் சொல்ல மாட்டார்கள்.

கொடைக்கானல் ஏரியை 1863இல் உருவாக்கியவர் லெவிஞ்ச் என்று சுற்றுலா வழிகாட்டி ஒப்பிப்பார். கரை போட மண் சுமந்தவன் பெயரை எந்தக் கல்லிலும் தேடாதீர்கள். அதே கொடைக்கானல் சுத்தக் காற்றை நம்பி 1983இல் தெர்மாமீட்டர் ஆலை வந்தது; பாதரசக் கழிவு வெளியே தெரிந்து 2001இல் மூடினார்கள்; தொழிலாளிகளுக்கு ஒரு உடன்பாடு வர 2016 ஆயிற்று. சுத்தக் காற்று யார் நுரையீரலுக்கு என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. நீங்களும் போகிறீர்கள், விடுமுறைக்குக் கூட்டாக மலையேறுகிறீர்கள். போங்கள். மலை எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் அல்ல. நமக்கும் குளிரும் பனியும் பிடிக்கும். ஆனால் கேமராவோடு ஒரு நோட்டையும் எடுத்துப் போங்கள். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், பழங்குடி அல்லாத மற்ற பாரம்பரியக் காட்டுவாசிகளுக்கும் உரிமை உண்டு என்கிறது. 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, அந்தக் காட்டு நிலத்தில் வாழ்ந்து, பிழைப்புக்கு அதை நம்பியிருக்க வேண்டும். கணக்குப் போடுங்கள். 75 ஆண்டு பின்னால் போனால் 1930 டிசம்பர். மாஞ்சோலைக் குத்தகை 1929 பிப்ரவரி. கம்பெனியில் கூலி வாங்கியவன் எப்படிக் காட்டுவாசி ஆவான் என்று எதிர்வாதம் வரும். வரட்டும். அரசே அதைக் காடு என்று அறிவித்துவிட்டது. அப்படியானால் அதற்குள் பிறந்து வளர்ந்தவன் யார்? காடு என்றால் இவனுக்குக் காட்டுவாசி உரிமை கொடு. தோட்டம் என்றால் தொழிலாளிக்குத் தோட்டத்தைக் கொடு. இரண்டும் இல்லை என்று சொல்ல எந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது?

இந்த வாதத்துக்குத் தாள் வேண்டும். முதல் தலைமுறை வந்த ஆண்டு எது? கங்காணிப் பேரேடு எங்கே? பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு, கல்லறைக் கல், பழைய ரேஷன் அட்டை, ஆஸ்பத்திரிப் பிறப்புக் குறிப்பு எல்லாம் சாட்சி. மலையை விட்டு இறக்கப்பட்ட குடும்பங்கள் அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, நெல்லை என்று சிதறிக்கொண்டிருக்கும்போது இந்தத் தாள்களும் சாக்கு மூட்டையோடு சிதறிப்போகும். வயதானவர்கள் போய்விட்டால் வாய்மொழியும் போய்விடும். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்கீர் எழுதிய அறிக்கை தாளாக இருந்ததால்தான் பஞ்சமி நிலத்தை நாம் சட்டப்படி கேட்க முடிந்தது. 1994 அக்டோபரில் காரணையில் ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிக்கு முன்னால் நிற்க முடிந்தது. மாஞ்சோலைக்கு அப்படி ஒரு அறிக்கையை எந்தக் கலெக்டரும் எழுதித் தரப்போவதில்லை.

எனவே, நெல்லை, தூத்துக்குடி, மதுரைக் கல்லூரித் தோழர்கள் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, ஒரு குடும்பத்துக்கு ஒரு நாள் என்று உட்கார்ந்து எழுதியெடுக்க வேண்டும். பெயர், வந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து, எந்த டிவிஷன், எந்த லயம், எத்தனை ஆண்டு வேலை, கையெழுத்துப் போட்ட நாள், வாங்கிய தொகை, பாக்கித் தொகை. பிரதி ஒன்று குடும்பத்திடம், ஒன்று வழக்கறிஞரிடம், ஒன்று நம்மிடம். குத்தகைத் தாளில் உள்ள தேதி 2028 பிப்ரவரி.